பிள்ளையை ஹாக்கியில் சேர்க்கப் போகிறீர்களா? மைதானத்திலிருந்து லீக் ஏலம் வரை ஒரு வழிகாட்டி

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததிலிருந்து, ஹாக்கி பற்றி வாயே திறக்காதவர்கள்கூட "எங்க பையனை ஹாக்கில விடலாம்னு பார்க்கிறோம், எங்க போகணும்?" என்று கேட்கிறார்கள். அக்கா மகனுக்காகச் சில வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். அவன் ஆடினான், நான் கையெழுத்து வாங்கினேன். இந்த வேலையில் யாரும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளருக்கு ஒரு பாதி தெரியும், பி.டி. சாருக்கு ஒரு பாதி தெரியும், மீதி கடைசி தேதி முடிந்த பிறகுதான் தெரியவரும். அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஹாக்கிக்கு ஒரு வழி இல்லை, மூன்று வழிகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகள் ஒன்று. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், ஹாக்கி இந்தியா என்னும் தேசியக் கூட்டமைப்பு என்று மேலே போவது இன்னொன்று. எஸ்.டி.ஏ.டி. என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் மூன்றாவது. மூன்றுக்கும் விண்ணப்பம் தனி, வயதுக் கணக்கு தனி, சான்றிதழ் தனி. பள்ளி அணியில் மாநிலம் வரை போன பையனின் பெயர் சங்கத்தின் பட்டியலில் இருக்காது, "அவன்தான் ஸ்டேட் ஆடியிருக்கானே" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மேலே போகிற பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றிலும் கால் வைத்திருப்பவர்கள்தான்.

1. முதலில் மைதானம், பிறகுதான் மட்டை

எட்டு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கினால் போதும். அதற்கு முன்னால் ஓடட்டும், நீந்தட்டும், எதை வேண்டுமானாலும் ஆடட்டும். பன்னிரண்டில் தொடங்கியும் மாநில அணிக்கு வந்தவர்கள் உண்டு, ஆனால் அதற்கு மேல் தள்ளினால் மட்டை வேலை படிய நேரமாகும்.

செயற்கைப் புல் மைதானம், அதாவது டர்ஃப், பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். கோவில்பட்டியில் இருக்கிறது, சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் இருக்கிறது, மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் உலகக் கோப்பைக்காகப் புதிதாகப் போட்டார்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பள்ளி மண் தரையில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விசில் ஊதும் பி.டி. சார் ஒருவர் இருந்தாலே முதல் மூன்று வருஷத்துக்குத் தாராளம். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுக்குள் டர்ஃபில் கால் வைத்தே ஆக வேண்டும். டர்ஃபில் பந்து வரும் வேகமே வேறு, மண்ணில் ஜொலித்தவன் அங்கே முதல் பத்து நிமிஷம் திணறுவான், அணித் தேர்வில் பார்ப்பதும் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான். கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் எஸ்.டி.ஏ.டி. பயிற்சி முகாம் நடத்தும், கட்டணம் பெரிதாக இருக்காது. உறவினர் வீடு டர்ஃப் உள்ள ஊரில் இருந்தால் அந்த மாதம் அங்கே அனுப்பிவிடுங்கள்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: போன வருஷம் உங்கள் பிள்ளைகள் எத்தனை போட்டி ஆடினார்கள், யார் யார் மாநில அளவுக்குப் போனார்கள், சங்கப் பதிவு நீங்கள் செய்து தருவீர்களா? இதற்கு நேரடியாகப் பதில் வராத இடத்தில் சேர்க்க வேண்டாம். அரசு மைதானங்களில் மாதக் கட்டணம் சில நூறுதான். தனியார் பயிற்சி மையங்களில் நான் கேட்டவரை மாதம் ஆயிரத்திலிருந்து மூவாயிரம். "நேரா இந்தியா கேம்ப்புக்கு அனுப்புறோம்" என்று மொத்தமாக ஒரு தொகை கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அப்படி அனுப்ப யாராலும் முடியாது.

2. சாமான்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது "லெஃப்ட் ஹேண்ட் ஸ்டிக் இருக்கா?" என்றுதான். கிடையாது. மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும், எல்லோரும் ஒரே மாதிரிதான் பிடிக்க வேண்டும். பழகிவிடும், கவலைப்படாதீர்கள்.

தொடக்கத்துக்கு மர மட்டை போதும். எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும். தரையில் நிறுத்திப் பிடித்தால் இடுப்பெலும்பு அளவுக்கு வர வேண்டும், அதுதான் அளவு. "வளர்ற பையன்தானே" என்று பெரிய மட்டை வாங்கித் தருகிறோமே, அதுதான் பிள்ளையின் பிடியைக் கெடுக்கும். பெரியவர்கள் வழக்கமாகப் பிடிப்பது 36.5 அங்குலம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தொரட்டிக் கம்பு மாதிரி இருக்கும்.

காம்போசிட், அதாவது மரத்துக்குப் பதில் கார்பன் மாதிரி இழைகளால் செய்த மட்டைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாறினால் போதும். மூவாயிரத்தில் தொடங்கும், கார்பன் கூடக் கூட விலை ஏறிப் பத்தாயிரத்தைத் தாண்டும். கார்பன் அதிகமானால் அடி பலமாக விழும், ஆனால் பந்தை நிறுத்தும்போது துள்ளும். நிறுத்தப் பழகாத பிள்ளைக்கு அதை வாங்கித் தருவது காசுக்குக் கேடு. ஜலந்தரில் தயாராகும் மட்டைகள் நல்லாவே உழைக்கின்றன, வெளிநாட்டுப் பெயர் பார்த்து ஏமாற வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டும், பல்லுக்கு மாட்டும் மவுத் கார்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு பல் போனால் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். டர்ஃப் ஷூ ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். தேய்மானம் அதிகம், வருஷத்துக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

கோல் கீப்பர் கதை தனி. முழு கிட் நல்லதாக வாங்கினால் முப்பதாயிரத்தில் தொடங்கி லட்சம் வரை போகும். அதனால் பள்ளியிலோ அகாடமியிலோ கிட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அந்த இடத்தில் நிற்கவிட வேண்டும். இன்னொரு பக்கம், கீப்பராக வர விரும்பும் பிள்ளைகள் குறைவு, போட்டியும் குறைவு. உயரமும் துணிச்சலும் இருக்கிற பிள்ளை என்றால் யோசிக்கலாம்.

3. ஃபைல்: மட்டையை விட முக்கியம்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா? நிறையப் பேரிடம் இருப்பது பெயர் இல்லாத சான்றிதழ், "ஆண் குழந்தை" என்று மட்டும் போட்டிருக்கும். பிறப்பைப் பதிவு செய்து ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம். பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போது அணித் தேர்வுக்கு முந்தின வாரம் இதற்காக நகராட்சிக்கு ஓடாதீர்கள், இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. பள்ளியில் "மு. கதிர்", ஆதாரில் "கதிர் முருகன்", வங்கிப் புத்தகத்தில் "கதிர் எம்", பாஸ்போர்ட் எடுக்கப் போனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கேட்பார்கள். உள்ளூர் போட்டிகளில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தேசிய அளவில் கணினியில் பதிவேற்றும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் ஆலோசனை: பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதன்படி ஆதாரை மாற்றுங்கள், அப்புறம் பள்ளிப் பதிவேடு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு திருத்துவது பெரிய வேலை.

ஃபைலில் இருக்க வேண்டியவை: பெயருடன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், அந்தந்தக் கல்வியாண்டின் போனஃபைடு (பள்ளியில் படிப்பதற்கான சான்றிதழ்), பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம், எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்), சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து, ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாம். வங்கிக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் பரிசு வாங்கும் அணியில் ஒவ்வொருவருக்கும் பணம் தனித்தனியாகக் கணக்கில்தான் வரும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசலை லாமினேட் செய்யாதீர்கள். சான்றிதழின் பின்பக்கத்தில் சீல் வைக்க வேண்டிய நேரம் வரும், அப்போது பிளாஸ்டிக்கைக் கிழிக்க முடியாது.

பாஸ்போர்ட்டைப் பதினான்கு வயதிலேயே எடுத்துவிடலாம். பதினெட்டுக்குக் கீழே ஆயிரம் ரூபாய், ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயது, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பெயரும் பிறந்த தேதியும் ஒரு முறை உறுதியாகிவிட்டால் மற்ற ஆவணங்களுக்கும் அதுவே பலம்.

4. வயது விஷயத்தில் கை வைக்காதீர்கள்

"ஒரு வருஷம் குறைச்சுப் போட்டா ரெண்டு சீசன் கூட ஆடலாம்" என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சில இடங்களில் பயிற்சியாளரே சொல்வார். கேட்காதீர்கள். மேல் மட்டப் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள், டி.டபிள்யூ.3 என்று பெயர். மாட்டினால் பிள்ளைக்குத்தான் தடை, சொல்லிக்கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பிறந்து பல வருஷம் கழித்துப் பதிவு செய்த சான்றிதழையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஒழுங்கான வயது காட்டிய பிள்ளைக்கும் சில சமயம் எலும்பு முந்திக்கொள்ளும், சீக்கிரம் வளரும் பிள்ளைகளுக்கு இது நடக்கிறது. அப்போது மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் கைகொடுப்பது பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை மாதிரிப் பழைய காகிதங்கள்தான். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயதுக் கணக்கு பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்து ஓடும். ஜனவரியில் பிறந்த பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷ லாபம், டிசம்பரில் பிறந்த பிள்ளை எப்போதும் தன்னைவிடப் பெரியவர்களோடு மோத வேண்டியிருக்கும். டிசம்பர்ப் பிள்ளை பதினான்கு வயதுப் பிரிவில் தேர்வாகவில்லை என்றால் மட்டையைப் பரணில் போட்டுவிட வேண்டாம், உடம்பு தேறப் பதினாறு பதினேழாகும்.

5. பள்ளி வழி

செலவு குறைவு, ஆனால் பி.டி. சார் மனசு வைக்க வேண்டும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். பிரிவுகள் பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடும், அதனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் ஹாக்கி அணியே இருக்காது. பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தப் பள்ளியிலிருந்து அவன் வெளியே வர முடியாது. ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாநில அளவுக்கு மேலே எஸ்.ஜி.எஃப்.ஐ. என்னும் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. பயணம் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வர வாய்ப்பு அதிகம். பள்ளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள், வாய்வார்த்தை போதாது.

6. விடுதி வழி

பணம் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி, சாமான் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். விண்ணப்பம் இணையத்தில்தான், வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரும் பிள்ளைகளை எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடிக்கும்போது தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு பத்து முடித்த பிறகுதான், நடுவில் கதவு இல்லை. இது தெரியாமல் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று இருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்றே முதன்மை நிலை விடுதி இருக்கிறது. அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் அங்கே ஆடி வளர்ந்தவர்கள்தான். இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள்.

தேர்வு நாளில் மட்டை வித்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஓட்டம், சுறுசுறுப்பு எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு மாதம் முன்பே ஓட வையுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை என்றால், விடுதியிலிருந்து எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், அங்கே ஆங்கில வழி உண்டா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சேர்த்த பிறகு டி.சி. வாங்கிக்கொண்டு திரும்பி வருவது பிள்ளைக்கும் கஷ்டம், இன்னொரு பிள்ளையின் இடமும் வீணாகிறது.

7. சங்க வழி

இந்திய அணிக்கும் ஹாக்கி இந்தியா லீக்குக்கும் போவது இந்த வழியாகத்தான். முதலில் மாவட்டச் சங்கத்தின் மூலம் மாநிலச் சங்கமான ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாட்டில் பதிவாகி, ஹாக்கி இந்தியாவின் அடையாள எண் வாங்க வேண்டும். பயிற்சியாளர் "பண்ணிட்டோம்" என்றால் விட்டுவிடாதீர்கள், எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். எண் இல்லையென்றால் பதிவு இல்லை.

சப்-ஜூனியர் பதினாறு வயதுக்குட்பட்டோர், ஜூனியர் பத்தொன்பது, அதற்கு மேல் சீனியர். மாவட்டத் தேர்வு, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, உத்தேச அணியின் முகாம், கடைசியில் 18 பேர் கொண்ட மாநில அணி. இதில் பெரிய தொல்லை தகவல்தான். தேர்வு அறிவிப்பு சில சமயம் நான்கு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் வரும், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு முறை அறிவிப்பு வந்து சேர்ந்ததே தேர்வு முடிந்த மறுநாள். யாரைக் கேட்டாலும் "குரூப்ல போட்டோமே" என்ற பதில்தான், அந்தக் குரூப்பில் எங்களை யாரும் சேர்க்கவே இல்லை. அதனால் மாவட்டச் சங்கத்தின் குரூப், பயிற்சியாளர் குரூப், பெற்றோர் குரூப் மூன்றிலும் இருங்கள், பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெற்றோரையாவது நட்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவுக்கு ஒரு தொகை தனியாக எடுத்து வையுங்கள். மாநில அணிக்குள் வந்த பிறகு பெரும்பாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதுவரை தேர்வுக்குப் போகிற பஸ், ரயில், தங்கல், கூட ஒரு பெரியவர் எல்லாம் நம் கைக்காசு.

வேறு மாநிலத்து அகாடமிக்கு அனுப்பும் யோசனை இருந்தால் கவனம். பதிவை மாற்ற மாநிலச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கென்று முறையும் காலமும் உண்டு. இங்கே விடுபட்டு அங்கே சேராமல் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாநில அணிகளுக்கு நடப்பது போல அகாடமிகளுக்கென்று தனித் தேசியப் போட்டியும் உண்டு, பிள்ளை எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறான் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை, சென்னையில் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை மாதிரியான அகில இந்தியப் போட்டிகளுக்கு ஒரு நாளாவது பிள்ளையை அழைத்துப்போங்கள். ரயில்வேயும் வங்கி அணிகளும் ஆடுவதை நேரில் பார்த்தால், தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்கே புரியும்.

இன்னொன்று, மருந்து. தேசிய அளவுக்கு வந்த பிறகு ஊக்கமருந்துச் சோதனை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஜிம்மில் விற்கும் புரோட்டீன் டப்பாவை நம்பி வாங்காதீர்கள். சளிக்கு மருந்து எழுதும் டாக்டரிடம்கூட "போட்டி ஆடுகிற பிள்ளை" என்று சொல்லியே வாங்குங்கள்.

8. கேலோ இந்தியா, இந்திய முகாம்

இங்கே நாம் செய்ய வேண்டியது குறைவு, அவர்களாகத் தேர்ந்தெடுப்பது. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் வீரராகத் தேர்வானால் பயிற்சி, தங்குமிடம் போகக் கைச்செலவுக்கு மாதம் பத்தாயிரம் வரும். அதற்கும் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். இந்திய சப்-ஜூனியர், ஜூனியர் அணிகளுக்கான முகாம் அழைப்பு தேசியப் போட்டிகளில் ஆடுவதைப் பார்த்துத்தான் வரும். ஜூனியர் உலகக் கோப்பை 21 வயதுக்குட்பட்டோருக்கானது.

9. கல்லூரியும் வேலையும்: உண்மையான சம்பளம் இங்கேதான்

ஹாக்கியில் வாழ்கிற பெரும்பாலானவர்கள் வாழ்வது வேலையால், லீக்கால் அல்ல. ரயில்வே, வருமான வரி, சுங்கம், வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், ராணுவம், காவல் துறை எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் 3 சதவீதம் உண்டு. அதனால் பிள்ளையைப் படிப்பை விடச் சொல்லும் யாரையும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். பத்தாம் வகுப்போடு நின்றால் ரயில்வேயில் கடைசி நிலை வேலைதான், பட்டம் இருந்தால் அதே ஆட்டத்துக்கு எழுத்தர் நிலையோ அதற்கு மேலோ.

ரயில்வேயின் நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள். வயது 18-லிருந்து 25, யாருக்கும் தளர்வு கிடையாது. அந்த நிதியாண்டிலும் அதற்கு முந்தின இரண்டு நிதியாண்டுகளிலும் ஆடியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பதினெட்டில் ஜூனியர் தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கிவிட்டு, டிகிரி முடித்துப் பொறுமையாக இருபத்து மூன்றில் விண்ணப்பித்தால் அந்தப் பதக்கத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. பதக்கம் வந்த உடனே அறிவிப்புகளைத் தேடத் தொடங்குங்கள். தேசியப் போட்டியில் கலந்துகொண்டது மட்டும் பல பதவிகளுக்குப் போதாது, முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு பெரிய பள்ளம், படிவங்கள். மைதானத்தில் தரும் வண்ணச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்கோ கல்லூரி ஒதுக்கீட்டுக்கோ போனால், "படிவம் எங்கே?" என்பார்கள். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. முதலாவதில் தேசியக் கூட்டமைப்பு, இரண்டாவதில் மாநிலச் சங்கம், மூன்றாவதில் பல்கலைக்கழகம், நான்காவதில் கல்வித் துறை இயக்குநர் தரப்பு கையெழுத்திட வேண்டும். போட்டி முடிந்த ஒரு மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பதிவேடு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணச் சலுகையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போகிறார்கள், வருகைப் பதிவில் விட்டுக்கொடுப்பார்களா என்று இப்போது அங்கே ஆடும் பையன்களிடம் கேளுங்கள்.

10. லீக்

ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்தது. ஆண்களுக்கு எட்டு அணிகள், பெண்களுக்கு நான்கு என்று தொடங்கினார்கள். சென்னையை மையமாகக் கொண்டு தமிழ்நாடு டிராகன்ஸ் இருக்கிறது. வீரர்களை அணிகள் ஏலத்தில்தான் எடுக்கும். அந்த சீசன் ஏலத்தில் அடிப்படை விலை இரண்டு, ஐந்து, பத்து லட்சம் என்று மூன்று படிகள். அப்போதைய இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார், செய்திகளில் வருவது அந்த எண்தான். உங்கள் பிள்ளை வந்தால் இரண்டு லட்சப் படியில் வருவான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பெண்கள் அணிகளுக்கு ஏலத்தில் செலவழிக்க அனுமதித்த தொகை இரண்டு கோடி, ஆண்கள் அணிகளுக்கு நான்கு கோடி. பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு வேலை வழியை இன்னும் இறுக்கமாகப் பிடியுங்கள்.

இதில் நமக்கு நல்ல செய்தி, ஆண்கள் அணியின் 24 பேரில் குறைந்தது நான்கு பேர் இந்திய ஜூனியர்களாக இருக்க வேண்டும் என்ற விதி. பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை இருக்கும் பிள்ளைக்கு அதுதான் வாசல். ஜூனியர் தேசியப் போட்டியில் ஆடாத பிள்ளையை அணிக்காரர்கள் எங்கே பார்க்கப்போகிறார்கள்?

ஏலத்துக்குப் பெயர் பதிய, சங்க வழியில் வாங்கிய அதே ஹாக்கி இந்தியா எண்தான் வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்தால் துறையின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். ஒப்பந்தம் வந்தால் காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத போட்டிக்குப் பணம் உண்டா, தவணை எப்போது என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பான் அட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், பதினெட்டு ஆகாத பிள்ளைக்கும் எடுக்கலாம். பான் இல்லையென்றால் வரும் பணத்தில் வரியாக 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், அதைத் திரும்ப வாங்குவதற்கு இன்னொரு ஃபைல் போட வேண்டும்.